சிவப்பு ஐ.சி.காரர்

மகனை மனநோய் வார்டில் பார்த்துவிட்டு ஈப்போவிலிருந்து சுங்காய்க்குப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். முன்சீட்டுப் பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது காதில் விழுந்தது.

"எம் புருசனுக்குப் புத்தி நல்லா இருக்குன்னு பொய் சொல்லிட்டேன் அக்கா."

"யாருகிட்ட?"

"யூனிவர்சிட்டி பொண்ணு ஒண்ணு தோட்டத்துக்கு வந்துச்சு. இந்தியாவுலருந்து வந்தவங்க மனசு எப்படி இருக்குன்னு ஆராய்ச்சியாம். தூங்குறாரா, தனியா பேசுறாரான்னு கேட்டு எழுதிச்சு. சீக்குன்னா டாக்டரைக் கூட்டிட்டு வாரேன்னுச்சு."

"சொல்ல வேண்டியதுதானே? ரப்பர்ப் பால் வெட்டப் போன எடத்துல மரத்துகிட்ட பேசிக்கிட்டு நிக்கிறாரே!"

"அவருக்குச் சிவப்பு ஐ.சி.லா அக்கா, இங்க தங்க மட்டும் குடுக்குற அடையாளக் கார்டு. பிரஜா உரிமை இன்னும் கெடைக்கல. பைத்தியம்னு எழுதிட்டா பெர்மிட்டைப் பிடுங்கி கப்பல்ல ஏத்திருவாங்கன்னு பயந்துட்டேன்."

"மெதுவா பேசு. அந்தப் பக்கந்தான உக்காந்திருக்காரு."

எதிர்வரிசை ஜன்னலோரம் இருந்தவர் திரும்பினார்.

"அந்தப் பொண்ணு எங்கிட்டயும் தனியா கேட்டுச்சு. ஊருல செத்துப்போன எங்க ஆத்தா தெனமும் கூப்பிடுறது கேக்குதுன்னு உள்ளதைச் சொன்னேன். ஐ.சி.யையும் காட்டுனேன்."

"ஐயோ, காட்டிட்டீங்களா? அப்போ டாக்டர் வருவாரா, போலீஸ் வருமா?"

"யாரும் வரமாட்டாங்க."

"ஏன்? அந்தப் பொண்ணு யாரு பேச்சை நம்பியிருக்கும்?"

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"உன் பேச்சைத்தான். எனக்குத்தான் புத்தி சரியில்லையே."