முன்னறைக் குடித்தனம்

— காலி பண்றாரா? யாரு சொன்னது?

— அவரேதான்ப்பா சொன்னாரு. இந்த மாசத்தோட...

— எங்கிட்ட சொல்லலியே. இந்த வீட்டுக்கு வீட்டுக்காரன் நானா, நீயா?

— நீங்கதான்.

— அப்ப எங்கிட்டதான சொல்லணும்? ஒரு மாசம் முன்னாடி, எழுத்துல. முன்ரூமுக்குக் குடி வந்த அன்னைக்கே தெளிவா சொல்லியிருக்கேன்.

— சரி, எழுதி வாங்கித் தரேன்.

— நீ ஏன் வாங்கணும்? நீ போயி உன் கண்ணாடிக் கடையில லென்ஸ் மாட்டு. எங்க அந்த மனுஷன்?

— மருந்துக் கடைக்குப் போயிருக்காரு.

— யாருக்கு மருந்து?

— ...உங்களுக்குத்தான்.

— பாத்தியா? வீட்டுக்காரனுக்கு மருந்து வாங்கப் போற குடித்தனம்! வல வீசித் தேடினாலும் கெடைக்குமாடா?

— கெடைக்காதுதான்.

— அப்புறம் ஏன் விடணும்? வாடக ஜாஸ்தியா இருக்காமா? பாதியாக்கிடு.

— அதில்லப்பா...

— சரி, வாடகையே வேணாம். சும்மா இருக்கட்டும்.

— அப்பா! குடித்தனக்காரன் வாயத் தொறக்கறதுக்குள்ள வீட்டுக்காரரே தரைமட்டத்துக்கு எறங்கி வர்றத இப்பதான் பாக்கறேன்.

— சிரிக்காத. கரண்டு காசும் வேணாம்னு சொல்லு. சுவத்துல எத்தன ஆணி வேணும்னாலும் அடிச்சுக்கட்டும்.

— ஆணி அடிச்சதுக்குப் போன மாசம் அந்தக் கத்து கத்தினீங்க...

— அது போன மாசம். நீ எங்க எந்திரிக்கற?

— தண்ணி குடிக்க.

— சொம்பு இதோ இருக்கு. உக்காரு. ஆறாங்கிளாஸ்ல ரேங்க் கார்டுல என் கையெழுத்த நீயே போட்டப்பவும் இப்படித்தான் தண்ணி தண்ணியா குடிச்ச. நாப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பாத்தவன்டா நான். பொட்டி நகர்றதுக்கு முன்னாடியே எங்க சிக்கும்னு சொல்லுவேன். என்ன விஷயம், சொல்லு.

— அவரு குடித்தனம் இல்லப்பா.

— ம்.

— நோயாளிங்களப் பாத்துக்கற வேலை அவருக்கு. ஆஸ்பத்திரியில விசாரிச்சு நான்தான் ஏற்பாடு பண்ணேன். சம்பளமும் நான்தான் குடுக்கறேன். உங்ககிட்ட நேரா சொன்னா ஒத்துக்க மாட்டீங்கன்னு... பக்கவாதம் வந்து ஒரு கை இழுத்துக்கிட்டுக் கெடந்தப்பவே, "கூலிக்கு வர்றவன் என்னத் தொடக்கூடாது"ன்னு தட்டத் தூக்கி எறிஞ்சீங்க.

— எறிஞ்சேன்.

— அதான் முன்ரூம வாடகைக்கு விட்டிருக்கறதா சொல்லி... என்னப்பா, கோவமே வரலியா?

— எந்தக் குடித்தனக்காரன்டா வீட்டுக்காரனுக்கு முதுகு தேச்சு விடுவான்?

— ...தெரியுமா உங்களுக்கு?

— நாலாவது நாளே.

— ஐயோ. நாங்க ரெண்டு பேரும் சமையக்கட்டுல நின்னு குசுகுசுன்னு பேசி, ஒத்திகையெல்லாம் பாத்தோமேப்பா...

— அதுவும் கேட்டுச்சு. கைதான் இழுத்துக்கிச்சு, காது இல்ல. அதுக்கும் மேல உன் கூத்து ஒண்ணு இருக்கு. வாடகையில ஓரத்துல டேப்பு ஒட்டின நோட்டு ஒண்ணு வரும். அத நான் பேத்தி கையில, டிராயிங் கிளாசுக்கு வச்சுக்கன்னு குடுப்பேன். அடுத்த மாசம் அதே டேப்பு, அதே நோட்டு, மறுபடியும் வாடகையா வந்து நிக்கும். மூணு மாசமா! உன் வீட்டுல வேற நோட்டே இல்லியா?

— அவ எங்கிட்டதான்ப்பா குடுத்து வைப்பா. நான் அதையே கவர்ல போட்டு அவர்கிட்ட... கவனிக்கல.

— மக்கு.

— மக்குதான். தெரிஞ்சும் ஏன்ப்பா வாங்கினீங்க? ரசீதெல்லாம் வேற எழுதிக் குடுத்தீங்க?

— அத விடு. இத்தன நாள் வச்சிருந்தவன் இப்ப ஏன் அனுப்பற?

— ...பெரியவளுக்கு சீட்டு கெடச்சிருக்கு.

— எதுக்கு?

— கட்டட வரைபடம் படிக்க. அவ கேட்ட காலேஜே.

— அடி சக்கை! இத மொதல்ல சொல்ல வேணாமா? அவ பாதி வரைஞ்ச லிஃப்டுல நான் ஒரு தப்பு கண்டுபிடிச்சேன்னு, ரெண்டு நாள் எங்கிட்ட பேசல தெரியுமா?

— ஹாஸ்டல் வேறப்பா. மூணு வருஷம். சின்னவன் இன்னும் பள்ளிக்கூடத்துல. உங்க ஆஸ்பத்திரிச் செலவுக்கு இந்த வீட்டு மேல வாங்கின கடனே இன்னும் பாதி நிக்குது. ஞாயித்துக்கெழமையும் கடைக்குப் போறேன். உங்க மருமகளும் வீட்டுலயே பொடவைக்கு ஃபால்ஸ் தைக்க எடுத்திருக்கா. எப்படிக் கூட்டிப் பாத்தாலும் ரெண்டுல ஒண்ணுதான்ப்பா முடியுது. அவரு சம்பளமா, அவ படிப்பான்னு வந்து நிக்குது.

— அவ என்ன சொல்றா?

— "அடுத்த வருஷம் போறேன்ப்பா, தாத்தாவ யாரு பாத்துக்கறது"ன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. அப்புறம் ரூமுக்குள்ள போயி ஃபேன வேகமா வச்சுக்கிட்டு... அழுதது எங்களுக்குக் கேக்கக்கூடாதுன்னு. எந்தப் பக்கம் திரும்பினாலும் யாருக்கோ துரோகம் பண்ற மாதிரி இருக்கு.

— ஃபீஸு எப்ப கட்டணும்?

— வெள்ளிக்கெழமை.

— நாளன்னைக்கு.

— ஆமா. அதான் அவர்கிட்ட காலையில சொல்லிட்டேன். பாவம், அவரு ஒண்ணுமே சொல்லல. என்ன ஒரு மாதிரி பாத்தாரு, அப்புறம் மருந்துச் சீட்ட எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டாரு.

— வேற ஒண்ணும் சொல்லலியா?

— இல்லியே. ஏன்?

— சும்மா கேட்டேன். நீ மேல சொல்லு.

— காலையில கடைக்குப் போறதுக்கு முன்னாடி நான் வந்து குளிப்பாட்டி விட்டுட்டுப் போறேன். மத்தியானம் உங்க மருமக சாப்பாடு எடுத்துட்டு வருவா. ராத்திரி நான் இங்கயே படுத்துக்கறேன். நடுவுல கொஞ்ச நேரம்தான். இப்பதான் கோலப் புடிச்சுக்கிட்டு நல்லா நடக்கறீங்களே. போன வாரம் அவரு லீவு போட்டப்பகூடத் தனியாத்தான இருந்தீங்க? சமாளிச்சுக்குவீங்க இல்ல?

— நீ சொல்றது கேக்குது.

— உங்களக் கேக்காம முடிவு பண்ணக்கூடாதுன்னுதான் வந்தேன். இல்ல... பொய் சொல்றேன். முடிவு பண்ணிட்டு, உங்க வாயால சரின்னு வாங்கிட்டுப் போகத்தான் வந்தேன். நீங்க சரின்னு சொல்லிட்டா, அவ முகத்த நிமிந்து பாத்து "கெளம்புடி"ன்னு சொல்லிடுவேன். சொல்லுங்கப்பா.

— "அவ படிக்கட்டும், அந்த ஆள அனுப்பிடு"ன்னுதான்டா ஒரு தாத்தா சொல்லணும். நீ சீட்டுன்னு சொன்னதுல இருந்து அதச் சொல்லத்தான் பாக்கறேன், வாய் வர மாட்டேங்குது. போன வாரம் அவரு லீவு போட்ட அன்னைக்கு பாத்ரூம்ல விழுந்துட்டேன். காலையில பத்து மணிக்கு விழுந்தவன்... நீ மத்தியானம் போன் அடிச்சது காதுல விழுந்துச்சு, எட்டி எடுக்க முடியல. தூங்கிட்டேன்னு அப்புறம் உங்கிட்ட சொன்னதெல்லாம் பொய். நாலு மணிக்கு அவரு திரும்பி வந்துதான் ஈரத் தரையில இருந்து தூக்கினாரு. எம்புள்ளகிட்ட சொல்லிடாதீங்கன்னு அவரு கையப் புடிச்சுக் கெஞ்சினேன்... எனக்குப் பயமா இருக்குடா. அவர அனுப்பாத.