வெள்ளிக்கிழமை ஏறுறேன்

— வெள்ளிக்கிழமை ஏறுறேன்னு நீதானே மெசேஜ் போட்டே, புவனா? அதை நம்பித்தான் கடைசி வளைவுல ஜீப்பை நிறுத்தி, சேலம் பஸ்ஸைப் பாத்துக்கிட்டு நிக்கறேன்.

— ஏனுங்க, பிளேன்ல ஏறுறதைத்தான் அப்படிப் போட்டேனுங்க. மால்டாவுக்கு.

— நம்ம மலையூர்ல சேலத்துக்குப் போனா எறங்கறது, ஊட்டுக்கு வந்தா ஏறுறது. பொண்டாட்டி ஏறுறான்னு தலைச்சோலை பூராச் சொல்லிட்டேன். பக்கத்து ஊட்டுக் கண்ணாயி அக்கா விடியறப்பவே இட்லிக்கு அடுப்புப் பத்த வெச்சிருச்சு.

— சைப்ரஸ்ல அந்த வயசான அம்மாவைப் பாத்துக்கற வேலைக்கு வந்ததுல இருந்து என் பேச்சே மாறிப்போச்சுங்க. கோவமா?

— கோவமில்ல. பனியைப் பாக்கறேன்.

— நொம்பவா?

— சேலத்தையே காணோம். கீழ பூரா பால் பொங்குன மாதிரி. மலை உச்சி மட்டும் அங்கங்க மெதக்குது. மஞ்சக்குட்டை ஒண்ணு, செம்மநத்தம் ஒண்ணு. தீவுன்னா இப்படித்தான் இருக்குமா?

— பிளேன்ல இருந்து பாத்தா இப்படித்தானுங்க.

— உன் ரெண்டு தீவுல எது ஒசத்தி? போன மாசம் நீ சொன்னப்ப நான் காதுல வாங்கல.

— உன் இஷ்டம்னீங்க. சரின்னுட்டீங்கன்னு நெனச்சுக்கிட்டேன்.

— நீ சும்மா பேச்சுக்குச் சொல்றேன்னு நெனச்சேன். இப்பச் சொல்லு.

— சைப்ரஸ்ல ஊட்டுக்குப் பின்னாலயே ஆரஞ்சு மரமுங்க. காத்தடிச்சா கட்டில் வரைக்கும் பூ வாசம் வரும். ஞாயித்துக்கிழமை லீவு. கடலோரம் தனியா நடந்தா எங்க போறேன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.

— மால்டா?

— பொடித் தீவுங்க. கடல் தண்ணியில உப்பைப் பிரிச்சுட்டுத்தான் குடிக்கறாங்களாம். ஊடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்குமாம். எனக்குத் தனி ரூம் கெடையாது, லீவும் கொறச்சல்.

— அப்பறம் என்னத்துக்குடி அங்க போறே?

— நான் பாத்துக்கற எலேனியம்மாவை அவங்க மவன் அங்க கூட்டிட்டுப் போறாருங்க. அவங்களுக்கு ஞாபகம் போயிருச்சு. பெத்த மவனையே யாருன்னு கேக்கறாங்க. என் கையில தந்தாத்தான் வாயைத் தொறக்கறாங்க. புது எடம் பழகற வரைக்கும்தானுங்க, பங்குனிக்கு வந்தர்றேன்.

— எங்கம்மா கடைசிக் காலத்துல படுத்துக் கெடந்தப்பவும் நீ அந்தம்மாவுக்குத்தான் ஊட்டிக்கிட்டு இருந்தே.

— ஒவ்வொரு வாய்க்கும் அத்தையை நெனச்சுக்குவேனுங்க. அவங்களுக்கு யாரு ஊட்டறாங்களோன்னு.

— கண்ணாயி அக்காதான். நான் ஊட்டுனா கஞ்சி பூரா கழுத்துல வழியும். அக்கா மவளுக்குத் தலைப்பிரசவம், அதுக்குக்கூட அது எறங்கல. ஏன்க்கான்னேன். உங்கம்மா என் கைக்குப் பழகிட்டா, பாதியில விட்டுட்டுப் போனா சேர்வராயன் சாமி என்னைக் கேக்கும்னுச்சு.

— எங்கிட்ட நீங்க சொன்னதே இல்லீங்களே.

— சொன்னா நீ அங்க சோறு திங்க மாட்டே.

— வான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இங்கயே ஏர்போர்ட்ல அந்த மவன்கிட்டச் சொல்லிட்டு, அடுத்த பிளேனுக்கு வந்தர்றேன்.

— பஸ்ஸு வருது. பனிக்குள்ள லைட்டு மட்டும் தெரியுது.

— பேச்சை மாத்தாதீங்க.

— அந்தம்மா இப்ப எங்க?

— பக்கத்துல, சக்கர நாற்காலியில. என் துப்பட்டாவை இறுக்கிப் புடிச்சிருக்காங்க.

— போனை அவங்க காதுல வெய்யி.

— அவங்களுக்குத் தமிழ் தெரியாதுங்களே.

— வெய்யி, சொல்றேன்... அம்மா, நான் தலைச்சோலை கோபிங்க. புவனா உங்ககூடத்தான் வர்றா. வயிறாரச் சாப்பிடுங்க.