நான்கடித் திரையும் தேக்குக் கட்டிலும்

ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டைச் சின்ன மானிட்டரோடு இணைத்து வைப்பது சரியல்ல, மேடம். இதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன்.

நேற்று நீங்கள் வீட்டுக்கு வந்து, "ஏம்மா, உன் வீட்டுக்காரர் ஒன்றரை வருஷமா அந்தத் தீவுல கிடக்கிறார். அவரைத் திருப்பி அனுப்புங்கன்னு ஒருத்தர்கூட ஆபீசுக்கு வந்து கேக்கலையே, ஏன்?" என்றீர்கள். நான் உங்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சமையலறையிலேயே நின்றுவிட்டேன். திமிர் இல்லை. நேரில் பேசு என்றால் எனக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதியாவது தா என்றீர்கள். அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி. வெள்ளிக்கிழமை கப்பல் புறப்படுவதற்குள் அவரைப் பற்றி முடிவெடுக்க வேண்டும் என்றும் சொன்னீர்கள். அதனால் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

கார்டு என் கணவர் கொடுத்தது. கல்யாணம் முடிவானதும், "உங்களுக்கு என்ன வேணும்? கூச்சப்படாம சொல்லுங்க" என்றார். கம்ப்யூட்டரில் விளையாட்டுப் படங்களை வேகமாக வரைந்து காட்டும் கார்டு என்று நான் கூச்சப்பட்டுக்கொண்டே சொன்னேன். கடையில் செங்கல்லைவிடப் பெரிதாக ஒன்றை எடுத்து வைத்ததும், "இதுவா கார்டு? இதுல மூணு ஃபேன் இருக்கே! இதையே மாட்டிட்டா வீட்டுக்குத் தனியா ஃபேன் வேணாமே" என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார். உங்கள் துறையில் அவர் ஜெனரேட்டர் மெக்கானிக். ஆனாலும் அந்தப் பெட்டியைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டுதான் பஸ்ஸில் உட்கார்ந்தார். அவ்வளவு நல்ல மனிதர். இதை முதலிலேயே பதிவு செய்துவிடுகிறேன்.

என்னிடம் இருந்தது கல்லூரிக் காலத்து மானிட்டர். நொடிக்கு அறுபது படங்களுக்கு மேல் அதற்குக் காட்டத் தெரியாது. அதனால் கார்டையும் அறுபதில் கட்டிப்போட வேண்டியிருந்தது. யானைப் பசிக்குச் சோளப்பொரி. விளையாடும்போது அதன் விசிறிகள் சுழலக்கூட இல்லை. கம்ப்யூட்டரின் கண்ணாடிப் பெட்டிக்குள் அது சும்மா படுத்திருக்கும். நான் இயற்பியல் படித்தவள். ஒரு திறமை வீணாவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குக் கஷ்டம்.

நான் லாரி ஓட்டுவேன், விளையாட்டில். சரக்கை ஏற்றி, மலைப்பாதையில் கொண்டுபோய், இறக்கிவிட்டு வர வேண்டும். யாரோடும் பேச வேண்டியதில்லை. சின்னத் திரையில் எதிரே உள்ள சாலை மட்டும் தெரியும். பக்கக் கண்ணாடியைப் பார்க்க ஒரு விசையை அழுத்த வேண்டும். அழுத்தினால் சாலை போய்விடும். அப்படி நான் கவிழ்த்த சரக்கு கொஞ்சநஞ்சமல்ல. அல்ட்ராவைட் என்னும் அகலத் திரையில் இரண்டு பக்கக் கண்ணாடிகளும் சாலையும் ஒரே நேரத்தில் தெரியும் என்று படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் முகமெல்லாம் சிவந்திருக்கிறது என்று அவர் கேட்டார். அவரைப் பார்த்து வெட்கப்படுகிறேன் என்று நினைத்து மிகவும் சந்தோஷப்பட்டார்.

கடையில் ஓர் அண்ணன் இருக்கிறார். எதைக் கேட்டாலும் திரையின் புள்ளிக்கணக்கிலேயே பேசுவார் என்பதால் அவரைப் பிக்சல் அண்ணன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். "முப்பத்து நாலு இஞ்ச் எடுங்க சிஸ்டர், கைக்கு அடக்கமா இருக்கும்" என்றார்.

"அதுல அம்பது லட்சம் புள்ளிதாண்ணா. என் கார்டு எண்பது லட்சம் தாங்கும்" என்றேன்.

"நாப்பத்தொம்பது இஞ்ச் இருக்கு. எழுபத்து மூணு லட்சம். ஆனா நாலடி அகலம் சிஸ்டர்."

வளைவின் ஆரம், கேபிளின் வகை, நொடிக்கு எத்தனை படம், கார்டின் நினைவகம் போதுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "சிஸ்டர், நீங்க கார்டுக்கு மானிட்டர் பாக்கறீங்களா, மாப்பிள்ளை பாக்கறீங்களா?"

இரண்டும் ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் யோசித்தேன். ஒன்று மற்றொன்றை இழுத்துப் பிடிக்கக் கூடாது. ஒன்று ஓடும்போது மற்றது காத்திருக்கக் கூடாது. பல தம்பதிகளிடம் இல்லாத பொருத்தம் அந்த இரண்டுக்கும் இருந்தது.

கடையிலேயே திரையை முழு வெள்ளையாக்கிச் சோதித்தேன். இடப்பக்கம் கீழே, என் இடது பக்கக் கண்ணாடி வர வேண்டிய இடத்தில், ஒரே ஒரு புள்ளி செத்திருந்தது. "எழுபத்து மூணு லட்சத்துல ஒண்ணு சிஸ்டர். கண்ணுக்கே தெரியாது" என்றார்கள். மேனேஜர் வந்தார். அவருக்கும் மேலே ஒருவர் வந்தார். நான் நகரவில்லை. அன்று மதியம் முழுவதும் நான் பேசிய பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. கடைசியில் வேறொரு பெட்டியைப் பிரித்துக் கொடுத்துவிட்டுக் கைகூப்பினார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் தவறு தெரிந்தது. கார்டுக்குத் திரை பார்த்தேன், திரைக்குக் கேபிள் பார்த்தேன். சுவர் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டை நீங்கள் பார்த்தீர்கள். ஓர் அறை, ஒரு சமையலறை. ஜன்னல் இருக்கும் சுவரில் வைத்தால் திரைக்குப் பின்னாலிருந்து வரும் வெளிச்சம் கண்ணைக் குத்தும். எதிர்ச்சுவரில் வைத்தால் ஜன்னலே திரைக்குள் தெரியும். மூன்றாவது சுவரில் கதவு. மிச்சம் நீளச்சுவர் ஒன்றுதான். அங்கே கட்டில் இருந்தது.

அது என் அத்தை, அதாவது மாமியார், கல்யாணத்துக்குக் கொடுத்த தேக்குக் கட்டில். இருவர் படுத்தாலும் இன்னும் இருவருக்கு இடம் மிஞ்சும். பிரிக்க முடியாது. பெட்டியோடு மானிட்டரை அதன்மேலேயே படுக்கவைத்தோம். நாங்கள் தரையில் படுத்தோம்.

கட்டிலைத் திருப்பிக் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கல்யாணமாகி ஆறே மாதத்தில் ஒரு பெண், "அத்தை, எங்களுக்கு இந்தப் பெரிய கட்டில் வேண்டாம்" என்று சொன்னால், கேட்பவர்கள் மானிட்டரைப் பற்றியா நினைப்பார்கள்? அவரையே சொல்லச் சொல்லியிருக்கலாம். அவர் சொன்னால் இன்னும் மோசமாக நினைப்பார்கள். அந்த வாக்கியத்தைக் கண்ணாடி முன் நின்று பலமுறை சொல்லிப் பார்த்தேன். பாதியிலேயே குரல் நின்றுவிடும்.

ஆனால் ஒன்றைக் கவனித்திருந்தேன். அத்தை வரும்போதெல்லாம் அந்தக் கட்டிலில்தான் உட்காருவார். சட்டத்தைத் தடவிக்கொண்டே, "இதுல படுத்தா எனக்கு முதுகுன்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது" என்பார். இந்த வீட்டில் இருவர் இல்லை, ஒருத்திதான் என்று ஆகிவிட்டால் அத்தையே கட்டிலைக் கேட்பார் என்பது என் கருதுகோள். சோதித்துப் பார்க்க ஒருவர் வெளியே போக வேண்டும். கார்டு என்னுடையது. ஆகவே நான் போக முடியாது.

அந்த வாரம்தான் உங்கள் துறை தீவு ஆய்வு நிலையத்துக்கு மெக்கானிக் கேட்டது. கப்பல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. யாரும் விண்ணப்பிக்கவில்லை. என் கணவருக்கோ பஸ்ஸில் நீண்ட தூரம் போனாலே குமட்டும். அம்மாவோடு தினமும் பேசாவிட்டால் தூக்கம் வராது. இருட்டென்றால் கொஞ்சம் பயம், ஜெனரேட்டர் வேலைக்கே அதனால்தான் வந்தார். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. "உங்களால முடியும்" என்று மட்டும் சொன்னேன். இதற்கு முன் யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை போலிருக்கிறது. கண் கலங்கிவிட்டார்.

குமட்டல் பழக்கத்தால் போகும். என் சுழல் நாற்காலியில் அவரை உட்காரவைத்துத் தினமும் காலையில் சுற்றினேன். முதலில் மெதுவாக, பிறகு வேகத்தைக் கூட்டி. "போதும்மா, போதும்மா, உலகமே சுத்துது" என்பார். "உலகம் சுத்தத்தாங்க செய்யுது" என்பேன். இருவரும் அப்படிச் சிரிப்போம். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் மிகவும் சந்தோஷமாக இருந்த நாட்கள் அவை. நேர்முகத் தேர்வில் குடும்பத்தைப் பிரிந்து எப்படி இருப்பீர்கள் என்று கேட்டீர்களாம். "என் மனைவிக்கு என்னைவிட தைரியம் அதிகம்" என்றாராம். அது நான் எழுதிக் கொடுத்த பதில்.

துறைமுகத்தில் உங்கள் தலைமை அதிகாரி என்னைக் காட்டி, "வீட்டுக்கு வீடு இப்படி ஒரு பொண்ணு இருந்தா இந்தத் துறை எங்கேயோ போயிடும்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கப்பல் கண்ணிலிருந்து மறைவதற்குள் அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஒத்தைப் பொண்ணுக்கு அவ்ளோ பெரிய கட்டில் எதுக்கும்மா? பாக்கப் பாக்க உனக்கு அழுகைதான் வரும். நான் வேணா எடுத்துக்கட்டுமா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். கருதுகோள் நிரூபணமானது.

மறுநாள் காலை நீளச்சுவரில் திரையை ஏற்றினேன். மேடம், அதை எப்படிச் சொல்வது? இரண்டு பக்கக் கண்ணாடிகளும் தெரிந்தன. இடப்பக்கம் பள்ளத்தாக்கு, வலப்பக்கம் பாறை, நடுவில் சாலை. வளைந்த திரை இரண்டு தோள்களையும் சேர்த்து அணைத்துக்கொண்டது. கார்டின் மூன்று விசிறிகளும் முதல்முறையாக முழு மூச்சில் சுழன்றன. நான் நாற்காலியோடு என்னையே ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து, பிரிவுத் துயரத்தில் எனக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்துத் தலையில் தண்ணீர் வைத்துத் தட்டினார்.

அவரும் அந்தத் திரையில் வருவார், வீடியோ அழைப்பில். தீவிலிருந்து கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் அழைக்க முடியும், அத்தையிடம் அது இல்லை என்பதால் தாய்க்கும் மகனுக்கும் நடுவே செய்தி சொல்வது நான்தான். ஆனால் ஒரு முகம் நடுவில் கொஞ்ச இடத்தைத்தான் நிரப்பும். இரண்டு பக்கமும் கறுப்பாகக் கிடக்கும். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. அதனால் நிலையத்துச் சமையல்காரரை இடப்பக்கமும் வானிலைக்காரரை வலப்பக்கமும் தனித்தனி அழைப்பில் வரச் சொன்னேன். இப்போது நிறைந்திருக்கிறது. மூவரும் நன்றாகப் பேசிக்கொள்கிறார்கள்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். தீவில் இருப்பவர் திரும்ப வேண்டுமென்றால் குடும்பத்தில் ஒருவர் நேரில் வந்து சொல்ல வேண்டும் என்பது உங்கள் விதி. தனிமையில் இருப்பவர்கள் இன்று வருகிறேன் என்பார்கள், நாளை வேண்டாம் என்பார்கள். நியாயமான விதிதான். முதல் கப்பலுக்கு முன்பே, "வந்துடறேம்மா, போய்ச் சொல்லிடு" என்றார். உங்கள் வாசல்வரை வந்தேன். உள்ளே எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். திரும்பிவிட்டேன். இரண்டாவது கப்பலுக்கு முன்பு அவருக்குக் கடைவாய்ப்பல் வலி. சமையல்காரர் குறட்டால் பிடுங்கினார். பிடுங்கிய பல்லைக் கேமராவில் காட்டினார், அந்தத் திரையில் எல்லாமே மிகத் தெளிவாகத் தெரியும். அப்போதும் வாசல்வரை வந்தேன். ஒரு கடல்பறவைக்கு என் பெயரை வைத்திருக்கிறாராம். "பேசினா பதிலே சொல்றதில்ல" என்றார். பொருத்தமான பெயர்தான் என்றேன். அவர் சிரித்தார். பிறகு ரொம்ப நேரம் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் சொன்னவை இரண்டே பொய்கள். அவரிடம், "சொல்லிட்டேங்க, கப்பல்ல இடம் இல்லையாம்" என்றேன். அத்தையிடம், "அவருக்கு அங்கேயே பிடிச்சுப் போச்சு அத்தை" என்றேன். இரண்டு கப்பலுக்கும் இவையேதான், புதிதாக எதுவும் சேர்க்கவில்லை. அவர் வரத் துடித்தார், அத்தை அழைக்கத் துடித்தார். இருவரையும் நிறுத்தியது நான்தான். கூச்சத்தைத் தவிர இதற்கு வேறு காரணம் இல்லை.

இப்போது நீங்களே வந்துவிட்டதால் இனி வாசலில் நின்று திரும்பும் அவசியம் இல்லை. வெள்ளிக்கிழமைக் கப்பல் திரும்பும்போது அவரை அதில் ஏற்றிவிடுங்கள். அவரை நினைக்காத நாள் கிடையாது.

ஒரே ஒரு சிறு உதவி. நீங்கள் போன பிறகு, அவர் திரும்பி வரக்கூடும் என்று அத்தையிடம் போய்ச் சொன்னேன். கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். சட்டத்தைத் தடவினார். "என் முதுகு வலி போனதே இதாலதான். பரவாயில்ல, உங்க கட்டில்தானே கண்ணு. அவன் வந்து இறங்கற அன்னிக்கே அனுப்பிடறேன், நீ வாயத் திறந்து கேக்கவே வேணாம்" என்றார். அவர் கண்கள் நனைந்திருந்தன. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் கணவரை வரவேற்கிறேன், கட்டில் மட்டும் வரக் கூடாது. அத்தை மனம் நோகாமல் இதை உங்கள் அலுவலகம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

சொல்ல உங்களுக்கும் கூச்சமாக இருந்தால் எனக்குப் புரியும். அப்படியானால் அவரை அடுத்த கப்பலுக்கு மாற்றிவிடுங்கள். அவர் ஒன்றும் நினைக்க மாட்டார், நாங்கள் அவ்வளவு அன்னியோன்னியமான தம்பதி.