வேண்டுதல் மரத்தில் ஒரு ஹேமக்

"அலோ... அத்தே, நான்தான், இளமதி... ஆங், சாப்ட்டேன், சாப்ட்டேன். என் ஹேமக் எங்க?... ஹேமக்கு. எங்க வூட்டுப் பின்னால ரெண்டு புங்க மரத்துக்கு நடுவுல தொங்கவுட்டுப் படுக்கக் கட்டியிருந்தேனே, பச்சத் துணி... கொழந்தய போடுற ஏணை இல்ல அத்தே அது... ஆமா, ஆமா, அதேதான். நான் லேப்புக்குப் போனப்ப நீ வந்து அவுத்துக்கினு போனன்னு அம்மா சொல்லுது. எங்க வெச்சிகீற?"

இளமதி இன்னும் வேலைக்குப் போன சுடிதாரோடுதான் நின்றாள். புங்க மரத்தின் பட்டையில் நாடா பதிந்த தடம் மட்டும் இருந்தது.

"கோயில்லயா? எந்தக் கோயில்ல?... ஏரிக்கரை செல்லியம்மன் கோயில்லயா? அங்க இன்னாத்துக்கு... இரு, இரு. வேண்டுதலா? யாருக்கு?... எனக்கா!"

செல்லியம்மன் கோயில் வேப்பமரத்தில் பிள்ளை வரம் கேட்பவர்கள் தொட்டில் கட்டுவார்கள். மஞ்சள் துணியில் கையகலத் தொட்டில், உள்ளே ஒரு மரப்பொம்மை. ஒருமுறை கட்டியதை யாரும் அவிழ்ப்பதில்லை. இளமதி செருப்பை மாட்டிக்கொண்டு வேலிப்படலைத் தள்ளினாள். கோயில் தெருக்கோடியில்தான்.

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆவல அத்தே. உன் புள்ளைக்கும் எனக்கும் தையிலதான கல்யாணம்? அதுக்குள்ள கொழந்தைக்கு வேண்டிக்கினியா?... யாரு சொன்னது, எதிர்வூட்டு சொக்கம்மாளா? அதுக்கு எங்க வூட்டு வேலியத் தவிர வேற பாக்க எதுவும் இல்லியா?... ம்... ம்... வெறும் ஏணை காத்துல ஆடிக்கினு இருந்துச்சா. ஆடட்டுமே... வெறும் ஏணை ஆடுனா வயித்துல புள்ள தங்காதா? அது ஏணையே இல்லன்றேன்! அதுல நான் படுக்கிறேன் அத்தே. நானு. இவ்ளோ பெரிய உருப்படி..."

எதிரே சைக்கிளில் வந்தவர் திரும்பிப் பார்த்தார். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மலைக்குப் போறதுக்கு. சனிக்கெழம லேப்ல எல்லாரும் ஜவ்வாது மலைக்குப் போறோம் இல்ல? ராத்திரி காட்டுலதான் தங்கணும். கட்டிப் படுத்துப் பழகிக்கினு கீறேன்... போன தடவ தரையிலதான் படுத்தேன். டென்ட்டுக்கு அடியில பூரா கல்லு, வேரு. சரிவு வேற. உருண்டு உருண்டு கூடப் படுத்திருந்த பரிமளா மேல போய் விழறேன். மழத்தண்ணி உள்ள வந்து போர்வ ஊறிப்போச்சு. ஒரு வாரம் இடுப்ப நிமித்த முடியல, உனக்கே தெரியும்... ஆமா, நீதான் வெளக்கெண்ண தேச்ச. இல்லன்னு சொல்லல... இதுல குறுக்கால சாஞ்சி படுத்தா முதுகு நேரா கீது. எறும்பு வராது, தண்ணி வராது. அடியில குளுருதேன்னு அதுக்கும் ஒரு கம்பளி வெச்சிகீறேன்... பொம்பள தரையில படுத்துப் பழகணுமா? நீ எதுல படுக்கிற? மெத்த போட்ட கட்டில்ல... முட்டி வலியா? எனக்கு இடுப்பு வலி. உனக்கு வந்தா வலி, எனக்கு வந்தா திமிரா?"

மரத்தடிக்கு வந்துவிட்டாள். வெயிலில் வெளுத்த மஞ்சள் துணிகளுக்கு நடுவே அவளுடைய பச்சை ஹேமக். இரண்டு முனைகளையும் தாழ்ந்த ஒரே கிளையில் சேர்த்து முடிந்திருந்தது. துணியின் அடிப்பாகம் மரத்தைச் சுற்றிய மேடையில் இடித்தது. அத்தனை பெரிய துணிக்குள் விரல் நீள மரப்பொம்மை ஒன்று, மஞ்சள் பூசி, தனியாகக் கிடந்தது.

"அத்தே, அதுல கீற கொசுவல ஜிப்புக்குக் குங்குமம் வெச்சிகீற... நான் ஒண்ணும் சிரிக்கல. ஒடம்பெல்லாம் எரியுது எனக்கு. மரத்துல சுத்துற நாடாவ விட்டுட்டு கொசுவலக் கயித்தப் போட்டு முடிஞ்சிகீற, கிழிஞ்சிருந்தா?... அவுக்கத்தான் போறேன்... அம்மனுக்கு நான் வேண்டிக்கல. நீ வேண்டிக்கின. வேண்டுதல் உன்னுது, துணி என்னுது. உன் பொடவையில கட்டு... கட்டேன், யாரு வாணான்னாங்க?"

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு முதல் முடிச்சில் நகத்தை விட்டாள். அது இளகிவந்தது. துணி ஒரு பக்கமாகச் சரிய, பொம்மை உருண்டது. சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

"ஒரு முனை அவுந்துடுச்சு... கத்தாத. பொம்ம என் கையிலதான் கீது... இன்னா?... இன்னா சொன்ன? இன்னொரு தடவ சொல்லு."

போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"இதை அவுத்தா தையில கல்யாணம் இல்ல. அப்டியா?... இது நீ சொல்றதா, உன் புள்ள சொல்றதா?... அப்ப மாமாகிட்ட போனக் குடு. குடு அத்தே. பக்கத்துல உக்காந்துக்கினுதான கீது, இருமுற சத்தம் கேக்குது."

அத்தை மகன் அரவிந்தன் போனை வாங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் அவள் பொம்மையின் முகத்தில் அப்பியிருந்த மஞ்சளைக் கட்டைவிரலால் துடைத்தாள்.

"மாமா... ம், நான்தான். கேட்டுக்கினுதான இருந்த?... ம்... ம்... வேற வாங்கித் தரியா? சனிக்கெழமைக்குள்ள வராது மாமா... அப்ப போவ வாணாமா?... இந்தத் தடவ மட்டுமா, எப்பவுமா?... உங்கம்மா சொன்னத அவங்களே சொல்லிட்டாங்க. நீ சொல்லு... போன மாசம் திருமுக்கூடல்ல ஆத்துமணல்ல உக்காந்துக்கினு நீ இன்னா சொன்ன? கல்யாணம் ஆனாலும் போலாம், நானும் கூட வரேன்னு... வெளாட்டுக்குச் சொன்னியா?"

அவள் பொம்மையை மேடையில் மரத்தோரமாகச் சாய்த்து வைத்தாள்.

"இல்ல, லைன்லதான் கீறேன்... இல்ல மாமா, அழல... கேட்டுச்சு. நல்லா கேட்டுச்சு. கல்யாணத்துக்கு அப்புறம் மலையும் இல்ல, காடும் இல்ல. இதை மொதல்லியே சொல்லியிருக்கலாம். தையிக்கு முன்னாடியாவது சொன்னியே... கோவம்லாம் இல்ல... யோசிக்க நேரம் வாணாம். முடிவு பண்ணிட்டேன்... ஆமா, மரத்தாண்டதான் கீறேன். பொம்மய மேடையில பத்திரமா வெச்சிட்டேன்னு அத்தைக்கிட்ட சொல்லு... இல்ல அரவிந்தா, அப்புறமா பேச ஒண்ணும் இல்ல. ரெண்டாவது முடிச்சு இறுகிப்போய்க் கீது, எனக்கு ரெண்டு கையும் வேணும். வெக்கிறேன்."