கோமதி கேட்ட ஒட்டுக்குச்சி

இந்த அவைக்குத் தலைமை தாங்கி, தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கண்ணில் படும்படி மேசைமேல் வைத்திருக்கும் பெருந்தகை திருச்செல்வம் அவர்களே, மேடையை அணிசெய்யும் அறிஞர் பெருமக்களே, முன்வரிசையில் முதிர்ந்த முறுவலோடு வீற்றிருக்கும் மூத்தோர்களே, விடியலில் ரப்பர் மரத்தில் பால் வெட்டி, கையில் ஒட்டிய பாலைக் கழுவி, பட்டுடுத்தி, பத்தாங் காலியிலிருந்தும் பெஸ்தாரி ஜெயாவிலிருந்தும் பஸ் பிடித்து இந்தப் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்துக்கு வந்து சேர்ந்திருக்கும் தாய்மார்களே, தூணோரம் நின்றபடியே கேட்கத் துணிந்துவிட்ட தோழர்களே, உங்கள் எல்லாருக்கும் காசிவிஸ்வநாதனின் கனிந்த வணக்கம்.

சிறுதோட்டக்காரர் சங்கத்தின் ஆண்டு விழாவில் ரப்பரைப் பற்றிப் பேசு என்றார்கள். ரப்பரைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது எனக்கு என்ன தெரியும்? மழை எப்போது வரும் என்று மேகத்தைப் பார்த்துச் சொல்வீர்கள். மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் இறங்கும் பாலை விரலால் தொட்டே அதன் தரத்தைச் சொல்வீர்கள். ஆகவே நான் மரத்தைப் பற்றிப் பேசவில்லை. மரத்தால் சேர்ந்து, மரத்தால் பிரிந்த இரண்டு பெண்களைப் பற்றிப் பேசுகிறேன். இருவரும் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார்கள். இருவரிடமும் அனுமதி கேட்டுவிட்டேன். ஒருவர் சிரித்தபடி சம்மதித்தார். இன்னொருவர், "மைக்கைப் பிடிச்சா நீங்க நிறுத்தமாட்டீங்க லா" என்று சொல்லிச் சம்மதித்தார்.

இலை உதிர்ந்த அந்த ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். கோடையில் மரம் தன் இலையைத் தானே உதிர்ப்பது இயற்கை. ஆனால் தளிர்த்த இலை உதிர்ந்தால்? மீண்டும் தளிர்த்து, மீண்டும் நோய்ப் புள்ளி விழுந்து, மீண்டும் உதிர்ந்தால்? பெஸ்தாரி ஜெயாவில் என் கெபுன், என் சிறுதோட்டம், பத்து ஏக்கர். பச்சைப் பந்தலாய் நின்ற அந்தப் பத்து ஏக்கரிலும் பட்டப்பகலில் நிழல் இல்லாமல் போயிற்று. பால் பாதியானது. பாதியும் பாதியானது. மரங்களை விலைக்கு வாங்க ஆளும் வந்துவிட்டார், லோரியோடு.

அந்த லோரி நிற்கும்போதே ஒரு சிறிய கார் வந்து நின்றது. இறங்கியவர் டாக்டர் வசுந்தரா. இந்தப் பிரிக்பீல்ட்ஸில் பிறந்தவர், ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த சீவரத்தினம் அவர்களின் மகள். நல்ல மரத்தோடு நல்ல மரத்தைச் சேர்த்துப் புது ரகம் உண்டாக்குவதே ஆராய்ச்சி நிலையத்தில் அவர் வேலை. அவரோடு இறங்கியவர் கோமதி. டாக்டர் எந்தப் பூவோடு எந்தப் பூவைச் சேர்ப்பது என்று முடிவு செய்வார். மூங்கில் சாரத்தில் ஏறி, உச்சிக் கிளையில் உட்கார்ந்து, அந்தப் பூவைச் சேர்த்து வைப்பவர் கோமதி.

டாக்டர் என் நோயாளி மரங்களைப் பார்க்கவே இல்லை. ஓடைக்கரையில் இலை உதிராமல் நின்ற ஒற்றை மரத்தைப் பார்த்தார்.

"அங்கிள், இந்த மரம் எப்படி?"

"அதுவா? யாரும் நடாம தானா முளைச்சது டாக்டர். பாலே வராது. வெட்டுறதையே விட்டுட்டோம்."

"பால் வராட்டி பரவால்ல. பக்கத்துல இருக்கிற மரமெல்லாம் மொட்டையா நிக்குது, இது மட்டும் பச்சையா நிக்குதே. இதை விக்காதீங்க."

லோரிக்காரர் என்னைப் பார்த்தார். "பாஸ், ஒரு மரத்துக்காகத் திரும்பி வரமாட்டேன், இப்பவே சொல்லுங்க" என்றார். நான் அந்த ஒரு மரத்தை விடச் சொன்னேன். மற்றவற்றை வெட்டச் சொன்னேன்.

விதை போட்டால் கன்றாகிவிடும் என்று நினைக்கும் இளைஞர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்காகச் சொல்கிறேன். ரப்பர் பூ மிளகை விடக் கொஞ்சம்தான் பெரியது. பால் அதிகம் தரும் மரத்தின் ஆண்பூவைப் பறித்து, அதன் மகரந்தத் தண்டைச் சின்ன இடுக்கியால் எடுத்து, ஓடைக்கரை மரத்தின் பெண்பூவுக்குள் வைத்து, பஞ்சில் ஒரு சொட்டு ரப்பர்ப் பால் தொட்டு மூட வேண்டும். வெயில் முதுகில் விழும். எறும்பு கையில் ஏறும். கை நடுங்கினால் பூ போய்விடும். நூறு பூவைச் சேர்த்தால் மூன்றோ நான்கோ காயாக நிற்கும். நின்ற காயையும் காற்று தள்ளும், குரங்கு பறிக்கும். எல்லாம் தப்பினால், முற்றி வெடித்து விதை எங்கேயோ தெறித்துவிடும். அதனால் ஒவ்வொரு காய்க்கும் வலைப்பை கட்டினார் கோமதி, பிள்ளைக்குத் தொப்பி மாட்டுவது போல.

அப்படிக் கிடைத்த விதைகளை முளைக்க வைத்தார்கள். முளைத்த கன்றுகளில் நோய்க்கிருமியைத் தெளித்தார்கள். வேண்டுமென்றே தெளித்தார்கள். வாடியதைக் கழித்தார்கள். நின்ற ஒவ்வொன்றையும் ஒட்டுக்கட்டி ஒரு நிரை மரமாகப் பெருக்கி, என் கெபுனிலும் வேறு இரண்டு இடங்களிலும் நட்டார்கள். ஒட்டு என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு மரத்தின் குச்சியிலிருந்து ஒரு கண்ணை எடுத்து வேறொரு கன்றின் தண்டில் பதித்தால், வளர்வது அந்த மரமேதான். குச்சி கையில் கிடைத்தால் மரமே கையில் கிடைத்த மாதிரி.

அந்த நிரைகளில் ஒன்று வளர்ந்தது. எப்படி வளர்ந்தது! கூட நட்டவை இடுப்புயரம் இருக்கும்போது அது தலைக்கு மேல். கூட நட்டவை மணிக்கட்டுப் பருமன் இருக்கும்போது அது தொடைப் பருமன். இலையில் ஒரு புள்ளி இல்லை. முதல் வெட்டிலேயே மங்கு நிரம்பி வழிந்தது. அதற்கு ராணி என்று பெயர் வைத்தவர் கோமதி. அதே தாய்க்குப் பிறந்த இன்னொரு ரகமும் அடுத்த நிரையில் நின்றது. அதற்குப் பெயரே இல்லை, பதினேழு என்ற எண் மட்டும்தான். வளர்த்தி சுமார், பால் சுமார்.

செய்தி பரவாமல் இருக்குமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு முன்னால் நாற்பது பேர் கூடிவிட்டார்கள். டாக்டரும் வந்திருந்தார். எல்லாருக்கும் ஒரே கேள்வி, ராணியின் குச்சி எப்போது கிடைக்கும்?

"இப்ப தர முடியாது" என்றார் டாக்டர்.

"ஏன் டாக்டர்? நாங்க பார்க்கிறோமே, கண்ணு முன்னால பால் ஊத்துதே."

"வெட்ட ஆரம்பிச்சு ஒரு வருஷம்தான் ஆச்சு. இன்னும் நாலஞ்சு வருஷம் வெட்டிப் பார்க்கணும். பட்டை தாங்குமான்னு தெரியாது."

"நாலஞ்சு வருஷம் நாங்க என்ன சாப்பிடுறது?"

பழைய ரகத்தையே இப்போதைக்கு நடுங்கள் என்றார் டாக்டர். இலை உதிர்ந்தாலும் அது தாங்கும், கொஞ்சமாவது பால் தரும் என்றார். கூட்டம் கேட்கவில்லை. நாற்றுப்பண்ணை வைத்திருந்த ஒருவர், ஆயிரக்கணக்கில் கன்று போட்டுத் தருகிறேன், உங்கள் பெயரையே அதற்கு வைக்கிறேன் என்றார். அவரிடமும் இல்லை என்றார். ஒருவர் போகும்போது அவர் காதுபடவே சொன்னார், "மாசச் சம்பளம் வாங்குறவங்களுக்கு நம்ம பசி எங்க தெரியும்." டாக்டர் தலை குனிந்து காரில் ஏறினார்.

ஆனால் அவரை உண்மையில் உலுக்கியது அந்தச் சொல் இல்லை. மறுநாள் கோமதி கேட்டதுதான்.

கோமதியின் வீடு பண்டமாரானில். கணவர் பாலன் துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். முதுகெலும்பில் அடிபட்டு வேலை போயிற்று. அவருடைய அப்பா விட்டுப்போன நாலு ஏக்கர் கெபுன்தான் மிச்சம். அதிலும் மரங்களெல்லாம் இலை கொட்டி நின்றன. வெட்டிவிட்டு மறுநடவு செய்ய வேண்டிய நேரம்.

கோமதி சாரத்திலிருந்து இறங்கி வந்து மெதுவாகத்தான் கேட்டார். "டாக்டர், ஊருக்கெல்லாம் வேணாம். எனக்கு மட்டும் கொஞ்சம் குச்சி குடுங்க. நாலு ஏக்கருக்கு."

"முடியாது கோமதி."

"நான் ஏறுன மரம் டாக்டர் அது. அந்தப் பூவைச் சேர்த்த கை இது. எனக்கே இல்லையா?"

"உனக்குன்னாதான் இன்னும் பயமா இருக்கு. ஒருக்கா நட்டா இருபத்தஞ்சு வருஷத்துக்கு அதே மரம்தான், தப்பாப் போனா அத்தனையும் போயிரும் லா."

கோமதி இடுக்கியைக் கழுவிப் பெட்டியில் வைத்தார். அன்றுவரை இருவரும் ஒரே மரநிழலில் ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கோமதியின் நெத்திலிச் சம்பலை டாக்டர் பிடுங்கித் தின்பதை நானே பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து கோமதி சாரத்தின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். வேலையில் குறை வைக்கவில்லை. "சரி டாக்டர்", "முடிஞ்சிருச்சு டாக்டர்", அவ்வளவுதான் பேச்சு.

நாலு ஏக்கரில் பாதிக்குப் பழைய ரகத்தை நட்டார்கள். மீதிப் பாதியில் வாழை போட்டுக் காத்திருந்தார்கள். பாலன் ஒரு கிடங்கில் காவல் வேலைக்குப் போனார். முதுகுவலியோடு இரவு முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும்? அதைச் சம்பாதித்துத் தந்தது யார்? டாக்டர் சொன்ன அந்த ஒரு "இல்லை"தானே? கோமதி அப்படித்தான் நினைத்தார். நினைத்ததில் என்ன தவறு?

பின்னால் ஒரு தம்பி கையைத் தூக்குகிறார். என்ன தம்பி? ராணி என்ன ஆச்சு என்கிறீர்களா? வருகிறேன், வருகிறேன். வெளியே போகிற ரயில் போய்விடட்டும்.

ராணியை வெட்டத் தொடங்கிய நாலாவது ஆண்டு. கோமதிதான் அந்த நிரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காலை கத்தி வைத்தார். பட்டை சீவி விழுந்தது. பால் வரவில்லை. கத்தி மழுங்கிவிட்டதோ என்று தீட்டிக்கொண்டு வந்து மறுபடி வைத்தார். வரவில்லை. அடுத்த ராணியிடம் போனார், அதிலும் வெட்டுக்கோட்டின் பாதி வரைதான் பால் கசிந்தது. அதற்கடுத்ததில் பட்டை பழுப்பேறி வெடித்திருந்தது. மற்ற இரண்டு இடங்களிலிருந்தும் அதே செய்திதான் வந்தது. அத்தனை வேகமாய்ப் பாலைக் கொட்டிய மரம், தன்னையே வற்ற வைத்துக்கொண்டது. இலை மட்டும் பச்சைப்பசேலென்று மேலே ஆடிக்கொண்டிருந்தது.

கோமதி என்னிடம் வந்து சொல்லவில்லை. கத்தியைச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டு, பஸ் பிடித்து, ரயில் மாறி, நேரே இந்தப் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தார். டாக்டரின் வீட்டுக் கதவைத் தட்டினார். கதவைத் திறந்த டாக்டரின் கண் வீங்கியிருந்தது. செய்தி முன்பே வந்துவிட்டது.

"நீங்க சொன்னது சரியாப் போச்சு டாக்டர்" என்றார் கோமதி.

"நான் சரியாப் போகணும்னு நினைக்கல. ஒவ்வொரு நாளும் தப்பாப் போகணும்னுதான் வேண்டிக்கிட்டேன். உன் நாலு ஏக்கரும் ராணியா நிக்கணும்னு எனக்கு ஆசை இல்லையா?"

"பின்ன ஏன் அழுறீங்க?"

"நீயும் நானும் சேர்ந்து செஞ்ச மரம் கோமதி. அது போயிருச்சு."

கோமதி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அடுக்களையைத் தானே தேடிக் கண்டுபிடித்து, இரண்டு கோப்பைத் தேநீர் போட்டு எடுத்து வந்தார். இருவரும் உட்கார்ந்து அதைக் குடித்து முடித்தார்கள். பிறகு கோமதி கேட்ட கேள்வியைக் கேளுங்கள்.

"பதினேழு எப்படி இருக்கு?"

அதைத்தானே யாரும் கேட்கவில்லை? நாற்பது பேர் கூடிய கூட்டத்தில் ஒருவராவது கேட்டோமா? அவசரம் இல்லாமல் வளர்ந்த மரம். ஆர்ப்பாட்டம் இல்லாமல் சுரந்த மரம். முதல் ஆண்டு சுமார், இரண்டாம் ஆண்டு கொஞ்சம் கூட, மூன்றாம் ஆண்டு இன்னும் கொஞ்சம் கூட. நாலாம் ஆண்டில் நல்ல ரகங்களோடு தோளோடு தோள் நின்றது. இலை உதிரவில்லை. பட்டை வறளவில்லை. கேளுங்கள் தாய்மார்களே, அப்போதாவது டாக்டர் குச்சியைத் தந்தாரா? தரவில்லை. இன்னும் மூன்று ஆண்டு வெட்டிப் பார்ப்போம் என்றார். அந்த முறை கோமதி சிரித்தார். "சரி டாக்டர்" என்றார். மறுநாள் சம்பல் டப்பாவைத் திறந்து நடுவில் வைத்தார்.

பெரியோர்களே, தருகிறேன் என்று சொல்வதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தேர்தல் வந்தால் தருகிறேன் என்பார்கள். விளம்பரத்தில் தருகிறேன் என்பார்கள். கைத்தொலைபேசியைத் திறந்தால் ஒரே மாதத்தில் தருகிறேன் என்பார்கள். உன் பசியைப் பார்த்த பிறகும், உன் கோபத்தைச் சுமந்த பிறகும், உன் நட்பையே இழந்த பிறகும், உன் இருபத்தைந்து ஆண்டுகளை எண்ணி இல்லை என்று சொல்ல எத்தனை பேர் இருக்கிறார்கள்? கைதட்டு வாங்கித் தராத அன்பு அது. நன்றி கேட்டு நிற்காத அன்பு அது. தோட்டம் தோட்டமாய் நல்ல மரத்தைத் தேடித் தேடித் தேர்ந்தெடுத்த இந்த நாட்டில், அந்த மரத்தின் அடியில் நின்ற மனிதர்களை யார் தேடினார்கள், யார் நினைத்தார்கள் என்று நம் இனம் கேட்ட காலம் உண்டு. மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே அதை நடப்போகிறவரின் முகத்தையும் நினைத்த ஒருவர் நம்மிடையே இருக்கிறார். அவர் நினைத்த முகம், நாலு ஏக்கரும் நம்பிக்கையும் மட்டும் வைத்திருந்த ஒரு பெண்ணின் முகம்.

பதினேழு ஏழு ஆண்டு வெட்டைத் தாண்டிவிட்டது. மூன்று இடத்திலும் தாண்டிவிட்டது. சென்ற மாதம் டாக்டர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "அங்கிள், இப்ப குடுக்கலாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் போனை வைத்ததும் சங்கத்துக்குச் செய்தி சொன்னேன்.

இந்த மேடையின் ஓரத்தில், ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருப்பவை பதினேழின் குச்சிகள். இன்று காலை வெட்டியவை. உங்கள் எல்லாருக்கும் முறைப்படி கிடைக்கும், தள்ள வேண்டாம். முதல் கட்டு யாருக்கு என்று சங்கம் ஒரு விநாடிகூட விவாதிக்கவில்லை. பாலன் வாழையை நேற்றே சாய்த்துவிட்டார், நிலம் ஆயத்தமாக இருக்கிறது.

டாக்டர், எழுந்து வாருங்கள். கோமதி அக்கா, நீங்களும் வாருங்கள். அழுவதென்றால் மேடைக்கு வந்து அழலாம், இங்கே இடம் இருக்கிறது.

இத்தனை நேரம் என்னைப் பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், சமைத்ததை ஆறவிட்டுக் காத்திருக்கும் அடுக்களைத் தாய்மாருக்கும், நின்றே கேட்ட தோழர்களுக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. குச்சியைக் கொடுக்கும் கைக்கும் வாங்கும் கைக்கும் என் வணக்கம்.