பொது மன்னிப்பில் ஒரு வரி

— "மக்களாட்சியின் கரம் நீளமானது. அதன் இதயமோ அதைவிட விசாலமானது!" எப்படி இருக்கு அக்கா?

— அசையாதே, பொத்தான் தைக்கிறேன்ல. கரம் நீளமோ என்னவோ, சட்டைக் கை குட்டையாத்தான் இருக்கு.

— உள்துறை மந்திரி பேச்சைக் கிண்டல் பண்ற ஒரே ஆள் நீதான்.

— மத்தவங்க வாயைத்தான் தனிச் சட்டம் போட்டு அடைச்சுட்டியே. மேல படி.

— "ஆயுதக் குழுக்களில் சேர்ந்து மலைக்குச் சென்றவர்கள் திரும்பி வந்தால், அவர்கள்மேல் வழக்கு இருக்காது." மந்திரிசபையில தொண்டை கிழியக் கத்தி வாங்கினது இது. யாருக்காக? உன் பிள்ளைக்காக.

— அவன் மலைக்குப் போனதே உன்னாலதானே? சுவத்துல போஸ்டர் ஒட்டினவனையும் பாலத்துக்கு வெடி வெச்சவனையும் ஒரே சட்டத்துல தேடினே. எப்படியும் உள்ளதான்னு தெரிஞ்சதும் ஓடிட்டான்.

— பாலம் வெடிச்ச மறுநாள் நாலு பேரைப் பிடிக்கலேன்னா ஜனங்க நம்மளைப் பிடிச்சிருப்பாங்க. ஆள் யாரு என்னன்னு பார்க்க நேரம் ஏது?

— தேர்தல் வருதான்னு பார்க்க மட்டும் நேரம் இருந்துச்சு. சரி, அடுத்த வரி?

— அவ்வளவுதான். அப்புறம் கொடி, தேசம், நன்றி, வணக்கம்.

— நேத்து வாசிச்சப்போ இன்னொண்ணு இருந்துச்சே? "அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்த வீட்டாருக்கும் மன்னிப்பு"ன்னு.

— எடுத்துட்டேன்.

— ஏன்டா?

— எதிர்க்கட்சிக்காரன் உரிச்சுத் தொங்கவிட்டுடுவான். துப்பாக்கி தூக்கினவனை, சின்னப் பையன், புத்தி கெட்டுப் போச்சுன்னு சமாளிக்கலாம். சோறு போட்டு ஒளிச்சு வெச்சவனுக்கு என்ன சாக்கு? அவன்தான் வேர். பத்து வருஷம், ஜாமீன் கிடையாது. வர்றவன்கிட்ட முதல் கேள்வியே, எந்த வீட்ல இருந்தேங்கறதுதான்.

— பெத்தவ கதவைத் திறந்திருந்தா?

— உனக்கென்ன பயம்? உன் வீட்டைத்தான் வாராவாரம் சோதனை போடறாங்களே. மந்திரியோட அக்கா வீட்டைக்கூட விடலேன்னு பேப்பர்ல எனக்கு எவ்வளவு நல்ல பேரு!

— பேரு உனக்கு, கவிழ்ந்த பீரோ எனக்கு. அந்த வரியைத் திருப்பிப் போடு தம்பி.

— முடியாதுக்கா. வாசல்ல கேமராவோட நிக்கிறாங்க. உன் பிள்ளை வரட்டும், நானே வண்டி அனுப்பறேன். ஆனா ஒளிச்சு வெச்ச வீட்டுக்காரன் விஷயத்துல பேச்சுக்கே இடமில்லை.

— யாரா இருந்தாலுமா?

— கூடப் பிறந்தவங்களா இருந்தாலும். சட்டம்னா சட்டம்.

— அப்படியே டிவியில சொல்லப் போறியா?

— சொல்லத்தான் போறேன். நூலை அறு, நேரமாச்சு.

— அறுத்துட்டேன். போறதுக்கு முன்னாடி கொஞ்சம் மெதுவாப் பேசு தம்பி. ஊர்லயே போலீஸ் சோதனை போடாத வீடு உன் வீடு ஒண்ணுதான்னு போன வாரமே இங்க கூட்டிட்டு வந்துட்டேன். உன் மருமகன் மாடியில தூங்கறான்.