பாய் நனையாத வாரம்

நர்ஸ்: அழுதுகினே இருந்தா எப்படிம்மா? பாப்பா கடைசியா எப்ப யூரின் போச்சு?

மாரிசெல்வி: அது... ராத்திரி போயிருப்பா சிஸ்டர். எனக்கு நைட் ஷிப்ட். இவுகதான் கூட இருந்தாக.

வேல்ராஜ்: ராத்திரியா? இல்லையே... பகல்ல இவகூட இருக்கும்போது போயிருப்பா.

நர்ஸ்: இன்னாபா, ஆளுக்கு ஒண்ணு சொல்றீங்க? ஆறு வயசுக் கொழந்த. தனியா வுட்டுட்டு வேலைக்குப் போயிட்டீங்களா?

வேல்ராஜ்: ஐயையோ, இல்ல சிஸ்டர். ரெண்டு பேருக்கும் ஒரகடத்துல கம்பெனி வேல. பிள்ளைய தனியா விடக் கூடாதுன்னுதான் சூப்பர்வைசர் கையக் காலப் புடிச்சு, ஒருத்தர் பகல், ஒருத்தர் ராத்திரின்னு ஷிப்ட் வாங்குனோம்.

நர்ஸ்: தண்ணியாவது ஒழுங்கா குடிச்சிதா?

மாரிசெல்வி: குடிப்பா... நல்லாக் குடிப்பா.

வேல்ராஜ்: கேக்கும்போதெல்லாம் குடுப்போம்.

நர்ஸ்: நாக்கு காஞ்சு கெடக்குது, நெனவே இல்ல. ரெண்டு பாட்டில் ஏத்தியாச்சு, டியூப் போட்டும் ஒரு சொட்டு யூரின் வரல. கிட்னி போயிடுமோன்னு டாக்டர் பயப்படுறாரு. வந்து கேப்பாரு, உண்மைய சொல்லுங்க. நான் உள்ள போறேன்.

வேல்ராஜ்: ஏளா... அழாத.

மாரிசெல்வி: கேக்கும்போதெல்லாம் குடுப்போம்னு ஏன் சொன்னிய?

வேல்ராஜ்: நீ மட்டும் என்ன சொன்ன? இந்த வாரம் பாய் நனையவே இல்ல. புள்ளைக்குப் பொறுப்பு வந்துட்டுன்னு சந்தோசப்பட்டேன்ளா.

மாரிசெல்வி: நான் மாரியம்மனுக்கே நேந்துக்கிட்டேன், அவ பாய நனைக்கிறது நிக்கணும்னு. இப்ப ஒரு சொட்டு வராதான்னு அதே வாயால கும்புடுதேன்.

வேல்ராஜ்: வரும்... வந்துரும்.

மாரிசெல்வி: நீங்கதான சொன்னிய, இன்னொருக்க நனைச்சா சங்கரன்கோயில்ல அக்கா வீட்டுல கொண்டு விட்டுருவேன்னு?

வேல்ராஜ்: நான் என்ன செய்ய? ஹவுஸ் ஓனர் கோதண்டம் என்ன சொன்னாரு? "மூத்திர நாத்தம் தாங்கல, வூட்ட காலி பண்ணு"ன்னாரு. நாய் மாதிரி ரூம் தேடுனோமே, மறந்துட்டியா?

மாரிசெல்வி: அவள விட்டுட்டு நான் எப்படி இருப்பேன்? அதான்...

வேல்ராஜ்: அதான்?

மாரிசெல்வி: பகல்லயும் என் பக்கத்துல படுத்து நனைச்சா. உங்ககிட்ட சொல்லல. தொவச்சு மறச்சிட்டேன்.

வேல்ராஜ்: பகல்லயுமா?

மாரிசெல்வி: அப்புறம் பகல்ல தண்ணி குடுக்கறதையே நிறுத்திட்டேன். அரை டம்ளர் டீ மட்டும். சிமெண்ட் சீட்டுக் கூர அனலாக் கொதிக்கு, குடத்தத் தலமாட்டுல வச்சிக்கிட்டு கதவையும் பூட்டிக்கிட்டுப் படுத்துருவேன். ராத்திரி நீங்க குடுப்பியள்லா, போதும்னு... குடுத்தியள்லா? என்னங்க... குடுத்தியள்லா?

வேல்ராஜ்: பரோட்டா வாங்கிக் குடுத்தேன். சால்னாகூட ஊத்தல.

மாரிசெல்வி: தண்ணி?

வேல்ராஜ்: நீ கம்பெனி பஸ் ஏறுனதும் குடத்தத் தூக்கி செல்ஃப் மேல வச்சிருவேன். பகல் பூரா நீ குடுத்திருப்பேன்னு...

மாரிசெல்வி: ஐயோ, பாவி... கேக்கலையா அவ?

வேல்ராஜ்: கேட்டா. காலைல அம்மா வந்து தருவான்னேன். உன்கிட்ட... உன்கிட்ட கேக்கலையா?

மாரிசெல்வி: கேட்டா... சாயங்காலம் அப்பா வந்து தருவாகன்னேன்.